பேரம் பேசாத தம்பி

"எண்பதாயிரம் டாலர்," என்று சொல்லிவிட்டு ஒஃபீலியா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். தம்பி ராமிரோ தருவதாகச் சொன்னது நாற்பது. கேட்டதும் சிரிப்பான், "உனக்கென்ன வெயில் தலைக்கேறிடுச்சா அக்கா" என்பான், இழுத்துப் பிடித்து ஐம்பதிலோ ஐம்பத்தைந்திலோ வந்து நிற்பார்கள் என்று நினைத்திருந்தாள். ஆனால் ராமிரோவின் குரல் தணிந்து வந்தது.

"சரிக்கா. தரேன்."

"என்னடா சொல்ற?"

"தரேன்னு சொன்னேன். அடுத்த மாசம் பத்திரம் எழுதிக்கலாம்."

போனை வைத்த பிறகும் அவள் சமையலறையிலேயே நின்றாள். பேரம் பேசாமல் ஒரு டயர்கூட வாங்கமாட்டான் ராமிரோ. அப்பாவுக்குச் சவப்பெட்டி வாங்கப் போன இடத்தில், கைப்பிடி பித்தளை இல்லையே என்று தட்டிக் காட்டி விலையைக் குறைத்தவன். அவனா இரண்டு மடங்கு விலைக்குச் சரி என்கிறான்? அதுவும் எதற்கு? அம்மா விட்டுப்போன வீட்டில் அவளுடைய பாதிக்கு. ஏரி வற்றி வற்றி, கரை இருந்த இடத்தில் மீன் முள்ளும் உப்பும்தான் மிச்சம். அந்தத் தெருவில் பாதி வீடுகளின் ஜன்னல்களில் பலகை அடித்திருந்தது. அம்மா போன பிறகு அந்த வீட்டை வாடகைக்குக் கேட்டுக்கூட ஒருவரும் வரவில்லை. தெருவின் மறுகோடியில் குடியிருந்த ஒஃபீலியாதான் மாதம் ஒருமுறை போய்த் திறந்து, தேள் அடித்து, கூட்டிவிட்டு வருவாள்.

மறுநாள் பேரீச்சம்பழக் கொட்டகையில் பழம் பொறுக்கும்போது பக்கத்தில் நின்ற கிரேசியேலாவிடம் வாய்விட்டாள். கிரேசியேலா கையில் இருந்த பழத்தைக் கீழே வைத்தாள்.

"எண்பதுக்கே பல்லைக் காட்டிட்டியா? அடி மண்டு! ஏரிக்கு அடியில இருக்கிற, பேட்டரிக்கு வேணுங்கிற லித்தியத்தை எடுக்க ஆலை வருதுன்னு ஊரே பேசுது. உன் தம்பி ஃபீனிக்ஸ் மாதிரி பெரிய ஊர்ல உட்கார்ந்திருக்கான். அவனுக்குத் தெரியாமலா இருக்கும்? நூத்தி அறுபது கேட்டிருந்தாலும் இதே 'சரிக்கா'தான் வந்திருக்கும்."

அன்றிலிருந்து அந்தச் 'சரிக்கா' அவள் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. குரல் ஏன் அவ்வளவு தணிந்திருந்தது? பக்கத்தில் யாராவது உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்களா? கிறிஸ்துமஸுக்கு வந்தபோது மனைவி டெனிஸைக் கூட்டி வராமல் தனியாக வந்து, கொல்லைப்புறத்தில் வெகுநேரம் நின்று ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தானே. அப்போதே இடத்தை அளந்துவிட்டானோ? சின்ன வயதில் அவள் சேர்த்து வைத்திருந்த வண்ணக் கூழாங்கற்களை ஒரு கிழிந்த பட்டத்துக்கு மாற்றிக்கொண்டு போய், தெருமுனையில் விற்றுக் காசாக்கியவன் அவன். ஒவ்வொன்றாக நினைவுக்கு வர, ஒவ்வொன்றும் இப்போது வேறு மாதிரி தெரிந்தது.

அந்த வாரம் பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக் கூடத்தில், மாவட்டத்தின் பொருளாதாரம் எப்படிப் போகும், வீட்டு விலை என்னவாகும் என்று சொல்வதற்கு ஒரு கூட்டம் போட்டிருந்தார்கள். காப்பியும் இனிப்பு ரொட்டியும் இலவசம் என்பதால் நல்ல கூட்டம். கடற்கரை நகரத்திலிருந்து வந்த ஓர் இளம்பெண் திரையில் வரைபடத்தைக் காட்டினாள். ஏரியின் வடகரை முழுக்க நீலம். ஆலை அங்கேதான் வருமாம், வேலை வருமாம், விலை ஏறுமாம். நீலம் கீழே இறங்க இறங்க வெளுத்துக்கொண்டே போய், ஓர் இடத்தில் சாம்பலாகிவிட்டது.

ஒஃபீலியா எழுந்தாள். இத்தனை பேர் நடுவில் அவள் பேசியதே இல்லை. "எங்க தெரு தென்கரையில இருக்கு. அது என்ன நிறம்?"

அந்தப் பெண் மேடையிலிருந்து இறங்கி வந்து, தெருப் பெயரைக் கேட்டு, திரும்பிப் போய்த் திரையில் தேடி விரல் வைத்தாள். சாம்பல். "மன்னிச்சுக்குங்கம்மா," என்றாள். "வயலுக்கு வர்ற தண்ணி நகரத்துக்குப் போகப்போகுது. குதிரைமசால் தீவனம் விளையுற வயலெல்லாம் தரிசாப் போட்டா அந்தப் பக்கம் வேலையே இருக்காது. வீட்டு விலை இன்னும் இறங்கும்னுதான் எங்க கணிப்பு."

பொய் சொல்கிறாளோ என்று ஒஃபீலியா அந்த முகத்தை உற்றுப் பார்த்தாள். விலை குறைவென்று சொல்லி மலிவாக வாங்க யாராவது அனுப்பியிருப்பார்களோ? ஆனால் அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு, படம் காட்டிய கருவியின் மின்கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அப்படியானால் ராமிரோ ஏன் எண்பது தருகிறான்?

சனிக்கிழமை காலை அம்மா வீட்டைத் திறக்கப் போனாள். கதவு வெறுமனே சாத்தியிருந்தது. சுற்றிப் போய்ப் பார்த்தால், கொல்லையில், தெருவிலிருந்து கண்ணில் படாதபடி சுவரை ஒட்டி, ராமிரோவின் வண்டி நின்றது. யாருக்கோ இடத்தைக் காட்ட வந்திருக்கிறான். கையும் களவுமாகப் பிடித்தாயிற்று என்று வலைக்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

கூடத்துத் தரையில் ஒரு மெத்தை. திரைச்சீலைக் கம்பியில் அவனுடைய வேலைச் சட்டைகள். மூலையில் மூன்று அட்டைப்பெட்டிகள். அடுப்பின் முன்னால் பனியனோடு நின்று அவன் முட்டை பொரித்துக்கொண்டிருந்தான். வேறு யாரும் இல்லை.

"எத்தனை நாளாடா இங்க இருக்க?"

ராமிரோ திரும்பினான். தாடி முழுக்க நரைத்திருந்தது. "இந்த வாரம்தான்," என்றான். பிறகு, "டெனிஸ் போயிட்டாக்கா. கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே. வீட்டை வித்துப் பாதி பாதி எடுத்துக்கிட்டோம்."

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"என்னன்னு சொல்றது? இந்த வயசுல பொண்டாட்டி துரத்திட்டா, உன் தயவுல இருந்துக்கறேன்னா? அதான் காசு குடுத்தே வாங்கிட்டா யாரும் எழுந்து போடான்னு சொல்லமுடியாதுன்னு பார்த்தேன்."

அவள் மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "அதுக்காக நான் கேட்டதைக் கேட்டபடி தருவியா? ஒரு வார்த்தை பேரம் பேசக் கூடாதா?"

அவன் முகத்தில் பழைய ராமிரோ எட்டிப்பார்த்தான். "பேசத்தான் வாயெடுத்தேன். அப்புறம் யோசிச்சேன். அக்கா ஊர்லயே இருக்கறவ. காரணம் இல்லாம இரட்டிப்பு கேட்பாளா? இந்தத் தெருவுக்கு என்னமோ வரப்போகுது, அது அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. நான் தயங்கினா நீ மனசு மாறிடுவியேன்னு பயந்துதான் உடனே சரின்னேன்." கரண்டியை அவளை நோக்கி நீட்டினான். "மறைக்காம சொல்லுக்கா. அந்தக் கூட்டத்துக்குக்கூடப் போனியாமே. என்ன சொன்னாங்க?"

யார் சொன்னார்கள் இவனுக்கு? அந்த நிலையிலும் அவளுக்கு முதலில் தோன்றியது அதுதான். எண்பதாயிரத்தில் அவள் கூரையை மாற்றலாம், முழங்காலுக்கு அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம். சாம்பல் நிறத்தின் மேல் அந்தப் பெண் வைத்த விரல் கண்முன் வந்தது. அவள் வாயைத் திறந்தாள்.

அப்போது வெளிச்சம் மங்கியது. ஏரிப் பக்கமிருந்து வெள்ளை உப்புப் புழுதி சுவர்போல எழுந்து வந்துகொண்டிருந்தது. இருவருமே ஓடினார்கள். அவன் மேற்கு ஜன்னல்களுக்கு, அவள் கொல்லைக் கதவுக்கு. தகரம் அடித்துக்கொண்டது, வீடே சீழ்க்கை அடிப்பதுபோல் இரைந்தது. பாதி இறங்கிய ஜன்னலைத் தோளால் அழுத்திக்கொண்டே ராமிரோ திரும்பி ஏதோ கத்திக் கேட்டான். அதே கேள்விதான் என்று உதட்டசைவிலேயே தெரிந்தது.

ஒஃபீலியா கையைக் காதருகே வைத்து, கேட்கவில்லை என்று தலையை ஆட்டினாள். அவன் இன்னும் உரக்கக் கேட்டான். அடுப்பில் முட்டையின் மஞ்சள் கருமேல் மாவு சலித்ததுபோல் உப்பு படிந்துகொண்டிருந்தது. அவள் கதவில் முதுகைக் கொடுத்து, அவனைப் பார்த்தபடியே மறுபடியும் தலையை ஆட்டினாள்.