கோதுமைக் கூழ்

1946 மே 6, திங்கட்கிழமை, திண்டிவனத்தை அடுத்த பிரம்மதேசத்தில் வீரம்மாளின் மல்லாட்டைக் கொல்லைக்கு நிலக்கடலைச் செடி பிடுங்கப் பதினோரு பேர் வந்தார்கள். மதியக் கூழ் ஊற்றியதும் பதினோரு பேரும் வேலையை விட்டுவிட்டுப் போனார்கள்.

யாரும் சண்டை போடவில்லை. சின்னபொண்ணு தன் சட்டிக்குள் விரலை விட்டுத் தூக்கினாள். கூழ் விரலோடு எழும்பி, நீண்டு, அறுந்து விழாமல் தொங்கியது.

"இத எங்களுக்கு எதுக்கும்மா ஊத்தி வீணாக்குறீங்க? டாக்கீஸ் நோட்டீஸ் ஒட்றவனுக்குக் குடுங்க. ஒரு வருசத்துக்கு ஆவும் அவனுக்கு."

நான்கைந்து பேர் சிரித்தார்கள். லூர்துமேரி சிரிக்கவில்லை. ஆட்களைக் கூட்டி வருபவள் அவள்தான். சட்டியில் இருந்ததை வரப்போரம் கொட்டினாள், மண்ணைப் போட்டுச் சட்டியைத் தேய்த்தாள், சேலைத் தலைப்பை உதறித் தலையில் போட்டுக்கொண்டாள்.

"நாங்க போறோம்மா."

"மூணு ஏக்கரு அப்படியே கெடக்குது, மேரி."

"கெடக்குது. எங்க வயிறுந்தான் கெடக்குது."

அவர்கள் வரிசையாக வரப்பில் ஏறி நடந்து போனதை வீரம்மாள் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு குனிந்து அவர்கள் விட்ட இடத்திலிருந்து தானே பிடுங்க ஆரம்பித்தாள். ஏழாவது செடியில் இரண்டு காய்கள் வாயைப் பிளந்திருந்தன. உள்ளேயிருந்து வெள்ளை முளை எட்டிப் பார்த்தது.

போன வியாழக்கிழமை பெய்த கோடை மழையின் ஈரம் மண்ணில் இன்னும் இருந்தது. முற்றிய காய் ஈர மண்ணில் கிடந்தால் முளைத்துவிடும். நான்கு நாளில் பிடுங்காவிட்டால் அந்த மூன்று ஏக்கர் காயும் எண்ணெய்க்கும் ஆகாது, விதைக்கும் ஆகாது. அவள் கணவன் தாண்டவராயன் குடலிறக்கத்துக்கு அறுவை செய்துகொண்டு விழுப்புரம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தான். ஐப்பசி மழை பொய்த்து நெல்லும் கேப்பையும் கருகிப்போன வருஷம் அது. அந்தக் குடும்பம் நம்பியிருந்ததெல்லாம் கிணற்றுத் தண்ணீர் இறைத்து வளர்த்த இந்த மல்லாட்டையைத்தான்.

பக்கத்துக் கொல்லைக்காரி கிருஷ்ணவேணி வேலியோரம் வந்து நின்றாள்.

"ஓமந்தூர்ல ஆளு சொல்லி வுடு அக்கா. இவங்களப் போய்க் கெஞ்சிக்கினு இருப்பியா?"

"அவங்க வந்தாலும் இந்தக் கூழத்தான குடிக்கணும்?" என்றாள் வீரம்மாள், குனிந்தபடியே.

"கூழுக்கு இன்னா கேடு?"

வீரம்மாள் அடுத்த செடியைப் பிடுங்கிப் போட்டாள். எட்டு நாளாகக் கோதுமைக் கூழ்தான் காய்ச்சினாள். ரேஷனில் அரிசியைக் குறைத்துக் கோதுமையைப் போட்டார்கள். வீட்டில் ஒருத்தரும் அதைத் தொடவில்லை. மிஷினில் கொடுத்து மாவாக்கி, கேப்பை மாவைப் புளிக்க வைப்பதுபோலவே ராத்திரி கரைத்து வைத்து, காலையில் கொதிக்கிற தண்ணீரில் ஊற்றித் துடுப்பால் கிண்டினாள். முதல் வாரம் ஆட்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார்கள். வெயில் ஏற ஏற அது புளித்துப் பானையை விட்டுப் பொங்கி வழிந்தது.

கொட்டகைக்குப் போய் ஆள் பானையின் மூடியைத் திறந்தாள். ஆட்களுக்குக் கூழ் காய்ச்சும் பானை தனி. அது வீட்டுக்குள் வராது. அதிலிருந்து வீட்டார் யாரும் ஒரு வாய் எடுப்பதில்லை, உப்புப் பார்ப்பதற்குக்கூட. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமியார் செய்ததைப் பார்த்து, கைக்கணக்கில் உப்பைப் போட்டுக் கண்ணால் பதம் பார்த்துப் பழகியவள் வீரம்மாள். பதினெட்டு வருஷம் கேப்பைக்கு அது போதுமானதாக இருந்தது.

கொட்டாங்கச்சியில் மொண்டாள். சற்று நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டு வாயில் ஊற்றினாள்.

மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நாக்கால் வழித்தும் போகவில்லை. அழுகிய புளிப்பு. உள்ளே கட்டி கட்டியாக வேகாத மாவு. வெளியே ஓடிவந்து துப்பினாள். தொட்டித் தண்ணீரில் மூன்று தரம் வாய் கொப்பளித்தாள். பிறகு பானையைச் சாய்த்து எருக்குழியில் கவிழ்த்தாள்.

வெயில் தாழ்ந்ததும் ஆட்கள் குடியிருந்த மாதா கோயில் தெருவுக்குப் போனாள். அந்தத் தெருவுக்குள் அவள் வீட்டுப் பெண்கள் போவதில்லை. முனையில் நின்று குரல் கொடுப்பார்கள். வீரம்மாளும் முனையிலேயே நின்றாள். லூர்துமேரி முறத்தைக் கையில் வைத்துக்கொண்டே வந்தாள்.

"குடிச்சுப் பார்த்தேன்" என்றாள் வீரம்மாள்.

"எத?"

"அந்தக் கூழத்தான்."

லூர்துமேரி அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். "எப்படி இருந்திச்சு?"

"கொட்டிட்டேன்."

"உங்க ஊட்ல தின்னலன்னுதான எங்களுக்கு ஊத்துனீங்க?"

"ஆமா."

மறுக்காமல் சொன்னது லூர்துமேரிக்கு எதிர்பாராததாக இருந்திருக்க வேண்டும். முறத்தை இடுப்பில் சாய்த்துக்கொண்டாள்.

"விழுப்புரத்துல என் தங்கச்சி ஜெயம் இருக்குறா. ரயில்காரங்க லைன்ல. அங்க ரெண்டு வருசமா கோதுமதான். மொதல்ல அவளும் உங்களாட்டம்தான் பசை காய்ச்சி, புருசங்கிட்ட வாங்கிக் கட்டிக்கினா. மாவு ஆக்கவே கூடாதும்மா. மாவுதான் பசை. வாணல்ல செவக்க வறுத்து, கல்லு எந்திரத்துல ஒண்ணு ரெண்டா ஒடைக்கணும். சலிச்சு மாவைத் தள்ளிட்டு நொய்ய மட்டும் எடுத்துக்கணும். அது வேவ நேரம் புடிக்கும். நல்லா வெந்து மலந்த பொறவு, புளிச்ச கேப்ப மாவ ஊத்திக் கிண்டணும். கோதும ரெண்டு படி, கேப்ப ஒரு படி."

"கேப்ப ஏது? ஊட்டுக்குன்னு நாலு படிதான் வெச்சிருக்கேன்."

"அதத்தான் எடுக்கணும்."

அந்த நாலு படி, தாண்டவராயன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் களி கிண்டிக் கொடுக்க ஒதுக்கியது.

"எடுக்குறேன்" என்றாள் கடைசியில். "நீ வந்து ஒரு தடவ கை காட்டிட்டுப் போ."

"வர்றேன். ஆனா உங்க கொட்டாயில இல்ல. கொல்லையில, கெணத்து மேட்டுல அடுப்பு வெப்போம். எல்லார் கண்ணு முன்னாடியும் வேவட்டும். ஒரே பானை. ஊத்துற அன்னிக்கெல்லாம் மொத சட்டி நீங்க குடிக்கணும். அதப் பார்த்தாத்தான் எங்க ஆளுங்க வருவாங்க. வாயால சொன்னா நம்ப மாட்டாங்க."

"ஊர்ல பேசுவாங்க மேரி."

"பேசட்டும். மல்லாட்ட மொளைக்குது."

அன்று வீரம்மாள் ஒரு படி கேப்பை மாவைக் கரைத்து வைத்துவிட்டுத்தான் படுத்தாள்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் எந்திரத்தை வண்டியில் ஏற்றிக் கொல்லைக்குக் கொண்டுபோனாள். கோதுமையை அவளும் லூர்துமேரியும் மாறி மாறி வறுத்தார்கள். வீரம்மாள் அவசரப்பட்டுத் தணலை ஏற்றினாள்.

"ஜல்தி பண்ணாதீங்க. மேல கருவும், உள்ள பச்சையா நிக்கும். வாசன வரட்டும்."

வாசனை வந்தது. வறுத்த மல்லாட்டையின் வாசனையை ஒட்டியிருந்தது அது. உடைத்து, சலித்து, வேகவிட்டு, புளித்த மாவை ஊற்றி, இருவரும் எதிரெதிரே நின்று இரண்டு துடுப்பால் கிண்டினார்கள். இறக்கிய பானையைக் கிணற்றடி ஈர மணலில் பாதி புதைத்து, நனைத்த கோணியைச் சுற்றினாள் லூர்துமேரி. உச்சி வெயிலிலும் அது சில்லென்று இருந்தது.

காலையில் வேலைக்கு வந்த மற்ற பத்துப் பேரும் மதியம் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். வேலிக்கு அப்பால் கிருஷ்ணவேணி கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். மோர் விட்டுக் கரைத்த கூழை லூர்துமேரி சட்டியில் மொண்டு நீட்டினாள். வீரம்மாள் வேலிப் பக்கம் பார்க்காமல் வாங்கிக் குடித்தாள். பாதியில் நிறுத்தினாள்.

"உப்பு கொறச்சலா இருக்குது" என்றாள்.

"உப்பு பார்க்கிற ஆளு கெடைச்சிடுச்சு" என்றாள் சின்னபொண்ணு. "இனிமே பேஜாரு இல்ல. ஊத்துங்க."

வீரம்மாள் வீட்டிலிருந்து கொண்டு வந்திருந்த மோர்மிளகாயைச் சுட்டு ஆளுக்கு இரண்டாகப் போட்டாள். லூர்துமேரி ஒன்றைக் கடித்துவிட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது எப்படிம்மா வெதையெல்லாம் உள்ளயே நிக்குது? நான் போட்டா வெத உதிந்து வெறுந்தோலு மிஞ்சுது."

"கீறிப் போடறியா?"

"கீறித்தான்."

"கீறாத. காம்புக்குக் கீழ ஊசியால ரெண்டு குத்து, அவ்வளவுதான். புளிச்ச மோர்ல உப்பப் போட்டு ஊற வை. பகல்ல காய வெச்சி, சாயங்காலம் அதே மோர்ல போடு. மோர் வத்துற வரைக்கும் மாத்தாத."

"மோருக்கு எங்க போவ நானு?"

"நம்ம ஊட்ல வந்து வாங்கிக்கோ."

சாப்பிட்டு முடித்ததும் சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அவர்கள் எழுந்தார்கள். யாரும் படுக்கவில்லை. சின்னபொண்ணு இரண்டு வரிசையைத் தானே எடுத்துக்கொண்டாள்.

புதனும் வியாழனும் அதே பானையில் கூழ் காய்ச்சினார்கள். இரண்டு நாளும் முதல் சட்டியை வீரம்மாள் குடித்தாள். அந்த இரண்டு நாளும் கிருஷ்ணவேணி அவள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

வியாழக்கிழமை பொழுது சாய்வதற்குள் இரண்டே முக்கால் ஏக்கர் பிடுங்கிக் களத்துக்கு வந்துவிட்டது. கிணற்றுக்குக் கிழக்கே பள்ளத்தில் இருந்த கால் ஏக்கர் மட்டும் முளைத்துப்போயிருந்தது. அதை மாட்டுக்கு விட்டார்கள்.