ஒருவருக்கும் சொந்தமில்லாத விண்ணப்பம்

யாழ்ப்பாண நகரத்தில் கூட்டம் வைத்தால் இரகசியம் நிற்காது என்று கொழும்பில் யாரோ முடிவெடுத்திருந்தார்கள். அதனால் காங்கேசன்துறையில், துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் ஓர் அரசாங்க விடுதியில் ஏற்பாடு செய்திருந்தார்கள். அமைச்சின் பெயர் எழுதிய வெள்ளை வான் காலையில் வீடு வீடாகப் போய் உறுப்பினர்களை ஏற்றியது. கோப்பாயில் பேராசிரியர் முருகேசுவின் வீட்டு வாசல் படலையடியில் அது நின்றபோது எதிர்வீட்டுக்காரர் சைக்கிளைப் பிடித்தபடி கேட்டார்.

"என்ன சேர், ஆராய்ச்சிக் காசு குடுக்கிற கூட்டமோ?"

"சும்மா ஒரு அலுவல்."

"வடிவாப் பாத்துச் செய்யுங்கோ. எங்கடை தம்பியும் விண்ணப்பம் ஒண்டு போட்டிருக்கிறான்."

முருகேசு ஏறி உட்கார்ந்து கதவை இழுத்து மூடினார். மருத்துவ ஆய்வுகளுக்குக் காசு ஒதுக்கும் குழுவின் தலைவர் அவர்தான். பின் இருக்கையில் இருந்த மருத்துவர் கிறிஸ்துநாயகத்தைப் பார்த்து, "இதுக்கு மைக் பிடிச்சே சொல்லலாம்" என்றார். கிறிஸ்துநாயகம் தலையை மட்டும் ஆட்டினார். அவருக்கு நேற்றிலிருந்தே பேசும் விருப்பம் இல்லை. ஓய்வு பெற இன்னும் கொஞ்சக் காலம்தான் இருந்தது. ஒவ்வொரு வருடமும் இந்தக் குழுவிலிருந்து விலகிவிடலாம் என்று நினைப்பார். பிறகு கோப்புகள் வரும், வாசிப்பார், வானில் ஏறிவிடுவார்.

இந்த முறை வந்த கோப்புகளில் ஒன்றை அவர் பலதடவை வாசித்திருந்தார்.

அது கடலட்டை பிடிக்கக் கடலடிக்குப் போகும் சுழியோடிகள் பற்றியது. ஆழத்தில் நெடுநேரம் நின்றுவிட்டு விரைவாக மேலே வருபவரின் உடலுக்குள் காற்று குமிழிகளாகப் பிரியும். முள்ளந்தண்டில் அது தாக்கினால் கால்கள் விழுந்துவிடும். சிலர் கரை சேருமுன்பே இறந்துபோவார்கள். விண்ணப்பித்த மருத்துவர் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. யாழ்ப்பாணக் கரையோர மீனவர் ஊரான குருநகரின் படகுகளில் ஒட்சிசன் வாயு வைக்கவேண்டும். மேலே வந்தவனுக்கு உடம்புக்கு ஏதும் செய்தால் அந்த இடத்திலேயே கொடுக்கத் தொடங்கவேண்டும். அதனால் எத்தனை பேர் எழுந்து நடக்கிறார்கள் என்று இரண்டு வருடம் பார்க்கவேண்டும். அவ்வளவுதான்.

கடைசிப் பக்கங்களில் முன்பு பாதிக்கப்பட்டவர்களின் விபரம் இருந்தது. பெயர்கள் இல்லை. அதில் ஒருவர்: வயது இருபத்தேழு, குருநகர், இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை, தம்பி இப்போதும் அதே தொழில் செய்கிறார்.

பெயர் தேவைப்படவில்லை. அது அவருடைய தங்கை மக்டலீனின் மூத்த மகன் சுபாஸ். தம்பி என்று எழுதியிருந்தது பிரகாஸ். பிரகாஸின் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவரும் கிறிஸ்துநாயகம்தான்.

விதி தெளிவாக இருந்தது. விண்ணப்பித்தவருக்கோ, ஆய்வில் சேரப்போகிறவருக்கோ சொந்தக்காரர் என்றால் அதைச் சொல்லிவிட்டு வெளியே போகவேண்டும். ஆனால் அவர் போனால் அந்த விண்ணப்பத்துக்காகப் பேச அறையில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். வெளியிலிருந்து வாசித்தவர்கள் நடுத்தரமான புள்ளிதான் போட்டிருந்தார்கள். யாராவது பேசித்தான் அதைத் தூக்கவேண்டும். சொல்லாமல் இருந்துவிடுவது என்று அவர் முடிவெடுத்திருந்தார். அந்த முடிவு அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் எடுத்திருந்தார்.

விடுதியின் கூட்ட அறையில் குளிரூட்டி வேலை செய்யவில்லை. கொழும்பிலிருந்து வந்திருந்த அதிகாரி, கண்ணாடி போட்ட பெண், இரகசியம் காப்பதாக எழுதிய தாளை எல்லோரிடமும் நீட்டினார். கையெழுத்திட்டார்கள். குழுவில் ஐந்து பேர். முருகேசு, கிறிஸ்துநாயகம், அந்த அதிகாரி, பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல் படிப்பிக்கும் பிரசாந்தி, நெல்லியடியிலிருந்து தன் காரில் வந்த சத்திரசிகிச்சை நிபுணர் லக்ஷன். நான்கு பேராவது இருந்தால்தான் முடிவெடுக்கலாம்.

முதல் விண்ணப்பம் வலிகாமத்துக் கிணற்று நீரும் சிறுநீரக நோயும் பற்றியது. பெயர்களைக் கறுப்பு மையால் அடித்திருந்தார்கள்.

"இது ஆர் எழுதினது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது" என்று முருகேசு தொடங்கினார்.

வெளியே கடற்காற்று யன்னலைத் தட்டியது.

"சேர்," என்றார் பிரசாந்தி மெதுவாக, "இவர் எனக்கு மச்சான் முறை."

"பேர் தெரியாமல் எப்பிடிப் பிள்ளை மச்சான் எண்டு தெரியும்?"

"மாமியின்ரை கிணறு முதலாம் படத்திலை இருக்கு, சேர்."

லக்ஷன் சிரித்துவிட்டு அவரும் எழுந்தார். "எனக்கும் போகவேணும். என்ரை மனிசியின்ரை சித்தப்பாவின்ரை மோன்."

இருவரும் வெளியே போனதும், "அப்ப மூண்டு பேர்தான் மிச்சம்" என்றார் அதிகாரி. "முடிவு எடுக்க முடியாது. அடுத்த வருஷம்தான்."

"நானும் எழும்பத்தான் இருந்தனான்" என்று முருகேசு கோப்பை மூடினார். "சம்பந்தி பகுதி. இனி எழும்பி என்னத்துக்கு."

போன இருவரும் திரும்பி வந்து அமர்ந்தார்கள். ஒரு நல்ல ஆய்வு ஒரு வருடம் பின்னுக்குப் போனதில் யாருக்கும் பெரிய கவலை இருந்ததாகத் தெரியவில்லை. களைப்புத்தான் இருந்தது. தேநீர் வந்தது. அடுத்த இரண்டு விண்ணப்பங்களும் இழுபட்டு முடிந்தன. பிறகு முருகேசு சுழியோடிகள் பற்றிய அந்தக் கோப்பை எடுத்தார். கிறிஸ்துநாயகம் பேனையை மேசையில் வைத்தார். சொல்லவேண்டியதை மனதுக்குள் இன்னொருமுறை வரிசைப்படுத்தினார்.

முருகேசு பக்கங்களைத் தட்டினார். குருநகர், படகு, அட்டை என்று கண்ணை ஓட்டினார். அவர் முகம் இலகுவானது.

"அப்பாடா" என்றார். "இதிலை எங்கடை ஆக்கள் ஒருத்தருக்கும் சொந்தமில்லை. கெதியாய் முடிக்கலாம்."

அதிகாரி எழுதத் தொடங்கினார். பிரசாந்தி தண்ணீர் குடித்தார். முருகேசு அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அவர் எவரையும் மனம் நோகப் பேசுகிறவர் அல்ல. பல வருடங்களாகக் கிறிஸ்துநாயகத்தோடு ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டவர். ஒருவேளை கிறிஸ்துநாயகத்தின் தகப்பன் குருநகரில் வலை இழுத்தவர் என்பதையே மறந்திருப்பார். அல்லது அப்படி ஒன்றை நினைத்தே பார்த்திருக்கமாட்டார்.

கிறிஸ்துநாயகம் எழுந்து நின்றிருந்தார். எழுந்ததே அவருக்குப் பிறகுதான் தெரிந்தது.

"எனக்குச் சொந்தம்" என்றார்.

முருகேசு மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "டொக்ரர்?"

"உதிலை எழுதியிருக்கிற ஒருத்தன் என்ரை தங்கச்சியின்ரை மோன். தம்பிக்காரன் இப்பவும் கடலுக்குப் போறான்."

அதிகாரி நேரத்தைக் குறித்துக்கொண்டார். கிறிஸ்துநாயகம் கதவைத் திறந்து வெளியே வந்தார். நான்கு பேர் உள்ளே இருந்தார்கள். முடிவெடுக்க அது போதும்.

வெளி விறாந்தையில் பிளாஸ்டிக் கதிரையொன்று கிடந்தது. அதில் அமர்ந்தார். பழைய சீமெந்துத் தொழிற்சாலையின் பக்கமிருந்து காகங்கள் கத்தின. இறங்குதுறையில் கப்பல் ஒன்றும் இல்லை. வானின் சாரதி லெனாட் மரநிழலில் நின்று பாக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

"என்ன டொக்ரர், உங்களையும் வகுப்பாலை வெளியிலை விட்டிட்டினமோ?"

"ஓம்."

"காலமை அந்த மிஸ்ஸும் மற்ற டொக்ரரும் நிண்டவை. நான் நினைச்சன் வீட்டுப்பாடம் செய்யேல்லையாக்கும் எண்டு."

வேறு நேரமென்றால் சிரித்திருப்பார். உள்ளே குரல்கள் கேட்டன, சொற்கள் கேட்கவில்லை. தான் ஏன் எழுந்தேன் என்று யோசித்தார். விதிக்காக என்றால் முன்பே எழுந்திருக்கவேண்டும். முருகேசு 'எங்கடை ஆக்கள்' என்ற அந்த வார்த்தையைச் சொல்லாதிருந்தால் எழுந்திருக்கமாட்டேன் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். நேர்மை என்று உள்ளே நினைத்துக்கொள்வார்கள். அது நேர்மையாகவும் இருக்கலாம், ரோசமாகவும் இருக்கலாம். இரண்டும் கலந்து கிடக்கும்போது பிரித்தெடுக்கிற வயது தனக்குக் கடந்துவிட்டது என்று தோன்றியது.

கதவு திறந்தது. பிரசாந்தி, "வாங்கோ சேர்" என்றார். உள்ளே அந்தக் கோப்பு கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. முடிவை ஒருவரும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது. பிரசாந்தி பிஸ்கட் தட்டை அவர் பக்கமாக நகர்த்தினார். மிகுதி விண்ணப்பங்களில் கேட்ட இடத்துக்கு அவர் பதில் சொன்னார். என்ன சொன்னார் என்று பின்பு நினைவில் இருக்கவில்லை.

பின்னேரம் வானில் முருகேசுவும் அவரும் மட்டும் திரும்பினார்கள். புகையிலைத் தோட்டங்களுக்கு நடுவே வான் ஓடியது. கோப்பாய் நெருங்கும்போது முருகேசு அவருடைய முழங்காலில் கைவைத்தார்.

"சொல்லக்கூடாது. எண்டாலும் நீங்கள் மனம் குழம்பக்கூடாது. பாஸ் பண்ணிட்டம்."

கிறிஸ்துநாயகம் அவரைப் பார்த்தார்.

"நீங்கள் எழும்பினதாலைதான் பாஸ் பண்ணினது. இவ்வளவு நேர்மையான மனிசன் ஒருத்தர் எழும்புறார் எண்டால் அது உண்மையான பிரச்சினைதானே எண்டு நான்தான் சொன்னனான். லக்ஷனும் ஓமெண்டவர்."

"நன்றி, சேர்."

"ஒரு சின்ன மாற்றம் மட்டும். குருநகரை எடுத்துப்போட்டு வடமராட்சி கிழக்கிலை செய்யச் சொல்லியிருக்கிறம். அங்கையும் அட்டை குளிக்கிறவை இருக்கினம்தானே. இல்லையெண்டால் நாளைக்கு ஆரேனும் கதைப்பினம், குழுவிலை இருந்த டொக்ரர் தன்ரை மருமக்களின்ரை படகுக்கு ஒட்சிசன் எடுத்துக் குடுத்தவர் எண்டு. உங்கடை பேருக்கு ஒரு சொல் வரக்கூடாது."

வான் நின்றது. முருகேசு இறங்கினார். படலையைத் திறக்குமுன் திரும்பி, "உங்களுக்காகத்தான் செய்தனாங்கள்" என்றார். அவர் முகத்தில் உண்மையான அன்பு இருந்தது.

"எங்கை விடுறது, டொக்ரர்? வீட்டையோ?" என்று லெனாட் கேட்டான்.

"குருநகருக்கு விடு" என்றார் கிறிஸ்துநாயகம்.

மக்டலீன் வாசலில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் கத்தியை வைத்தாள். சுபாஸ் சக்கர நாற்காலியில் கதவடியில் இருந்தான். பிரகாஸ் முற்றத்தில் நாளைக் காலை சுழியோடுவதற்கான காற்றுச் சிலிண்டர்களைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"வா அண்ணை. கூட்டம் முடிஞ்சுதே?"

"எந்தக் கூட்டம்?"

"ஊரெல்லாம் தெரியும். கோயிலடியிலை நேற்றே கதைச்சவை." அவள் கையைத் துடைத்தாள். "அந்த டொக்ரர் பிள்ளை இஞ்சை வந்து இவனிட்டை எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு போனது. கிடைக்குமோ?"

அவர் மர வாங்கில் அமர்ந்தார். காலையில் கையெழுத்திட்ட தாள் நினைவுக்கு வந்தது. மூவரும் காத்திருந்தார்கள். பிரகாஸ் தண்ணீரை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கிடைச்சிட்டுது" என்றார். "ஆனா குருநகருக்கு இல்லை. வடமராட்சி கிழக்குக்கு."

"ஏன்?"

"என்னாலை. சொந்தம் எண்டு சொல்லி நான் எழும்பிப் போனனான். அதாலை மாத்திப்போட்டினம்."

மக்டலீன் கத்தியை எடுத்து மீனின் செதிலைச் சுரண்டத் தொடங்கினாள். வழக்கத்தைவிட வேகமாகச் சுரண்டினாள்.

"வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம் அண்ணை. பெரிய படிப்புப் படிச்சு என்ன."

"நான் அங்கை போய்க் கரையிலை வாடிக் கொட்டில் அடிச்சு இருக்கட்டே?" என்றான் பிரகாஸ். "ஒட்சிசனும் கிடைக்கும், அட்டையும் கிடைக்கும்."

"போ. அங்கத்தை ஆக்கள் உன்ரை சிலிண்டரையும் பறிச்சு உன்னையும் நடந்து வரச் சொல்லுவினம்" என்றாள் தாய். ஒருவரும் சிரிக்கவில்லை.

சுபாஸ் மாமனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"மாமா, அவை கேட்டவையே? சொந்தக்காரர் ஆரும் இருக்கினமோ எண்டு?"

"கேக்கேல்லை." கிறிஸ்துநாயகம் நிலத்தைப் பார்த்துச் சொன்னார். "இதிலை ஒருத்தருக்கும் சொந்தமில்லை எண்டு சொல்லிச்சினம்."

செதில் சுரண்டும் சத்தம் நின்றது. மக்டலீன் தலையை நிமிர்த்தவில்லை. தூரத்தில் படகொன்றின் இயந்திரம் விட்டு விட்டுக் கேட்டது.

"அப்ப எழும்பத்தான் வேணும்" என்றான் சுபாஸ்.

"எழும்பினது சரி" என்றாள் மக்டலீன், பிரகாஸைப் பார்த்து மிகவும் தாழ்ந்த குரலில். "நாளைக்கு இவனுக்கு ஒட்சிசன் ஆர் குடுக்கிறது?"

கிறிஸ்துநாயகம் இருந்த இடத்திலேயே இருந்தார். மீன் வெட்டி முடிந்தது. முற்றத்தில் பிரகாஸ் ஒவ்வொரு சிலிண்டராக வால்வைத் திறந்து பார்த்து மூடினான். ஒவ்வொன்றும் ஒருமுறை சீறி அடங்கியது.