ஆட்டோகிராப் புத்தகத்தில் ஒரு கட்டைவிரல்

என்னிடம் நாற்பத்தொரு மோட்டார் சைக்கிள் பந்தயக்காரர்களின் கையெழுத்து இருக்கிறது. மலாய் நாட்டில் வேறு எவனிடமும் இத்தனை கிடையாது. சயாமிலும் கிடையாது. ஜாவாவில் ஒருவனிடம் நாற்பது இருப்பதாகக் கேள்வி. பாவம், ஒன்று குறைகிறது. என் மனைவி நல்லம்மாள் இதைப் படித்தால், "நாப்பத்தொண்ணும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல, இருபத்தாறு" என்பாள். எதையும் எண்ணிப் பார்த்துவிடுவது அவளுக்கு ஒரு வியாதி.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டுக்கு வந்து கோப்பி குடித்த எவனும் அந்தப் புத்தகத்தைப் பார்க்காமல் வாசலைத் தாண்டியதில்லை. ஆனால் நடுவில் ஓர் இளஞ்சிவப்புப் பக்கம் இருக்கிறது. அது வரும்போது இரண்டு தாள்களைச் சேர்த்துப் பிடித்து ஒன்றாகப் புரட்டிவிடுவேன். அந்தப் பக்கத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் பக்கிரிசாமி. ரயில்வேயில் முப்பத்திரண்டு வருடம் சம்பளக் கிராணி, சம்பளம் கொடுக்கிற குமாஸ்தா. மாதம் ஒருமுறை டிராலியில் ஏறி, தண்டவாளம் போன இடமெல்லாம் போய், கூலிகள் குடியிருக்கும் லயன் வாசலில் மேசை போட்டுச் சம்பளம் கொடுப்பேன். கணக்குப் பார்த்தால் எட்டு லட்சம் கட்டைவிரல்களை இந்தக் கையால் பிடித்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே மண்வெட்டிக்காரனா சம்மட்டிக்காரனா என்று சொல்வேன். வலது கையால் சோறு தின்கிறவனா இல்லையா என்பதுகூடத் தெரியும்.

அந்த வேலையில் ஒரு மரியாதை உண்டு. "உனக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமா?" என்று கேட்கவே கூடாது. பின்னால் வரிசையில் மச்சான் நிற்பான், கங்காணி நிற்பான். அத்தனை பேர் முன்னால் "தெரியாதுங்க" என்று ஒருவனைச் சொல்ல வைப்பது பாவம். பேனாவை நீட்டுவேன். ஒரு மூச்சு நேரம் அவன் தயங்கினால் போதும். பேச்சே இல்லாமல் இடது கையைப் பிடித்து, மைப்பெட்டியில் ஒற்றி, தாளில் உருட்டிவிடுவேன். கீழே சாட்சி என்று என் கையெழுத்து விழும். அவன் வெட்கப்படுவதற்குள் அடுத்தவன் வந்திருப்பான். இதில் எனக்குப் பெருமை உண்டு. அதிகாரிகள் பலருக்கு இந்த நாசூக்கு கிடையாது.

ஓய்வு பெற்ற அன்று ஆபீசில் ஒரு கைக்கடிகாரம் கொடுத்தார்கள். மைப்பெட்டியை நானே எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். உள்ளங்கை அகலத் தகரப் பெட்டி. முப்பத்திரண்டு வருடம் கோட்டின் இடது பையில் இருந்தது. அது இல்லாவிட்டால் கோட்டு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

சும்மா இருக்கிற மனிதனுக்கு ஏதாவது பைத்தியம் வேண்டும் அல்லவா? எனக்கு மோட்டார் சைக்கிள் ரேஸ். ஐம்பத்தாறு வயதில் பிடித்தது.

"பேரன் எடுத்தவங்கள்லாம் கோயில் கமிட்டிக்குப் போறாங்க. நீங்க புகைக்குப் பின்னால ஓடுறீங்க" என்பாள் நல்லம்மாள்.

"கோயில் கமிட்டியிலயும் புகைதான்லா. அங்க ஆட்டோகிராப் தரமாட்டானுங்க" என்பேன்.

போன வருடம், முப்பத்தேழில், கிள்ளானில் ஒரு ரேஸ். திடலில் கயிறு கட்டி, கொடி நட்டு, புல்தரையில் வட்டம் போட்டிருந்தார்கள். முந்தின நாள் மழை. ஒவ்வொரு திருப்பத்திலும் சேறு பனைமரம் உயரத்துக்கு எழும்பியது. எனக்குப் பக்கத்தில் வெள்ளைக் கால்சட்டையோடு நின்ற ஒரு சீன டவுக்கே, பெரிய முதலாளி, இரண்டாவது சுற்றில் முழுக்கக் கறுத்துவிட்டார். அவர் மனைவியே அவரைத் தேடிக்கொண்டிருந்தாள்.

ஓட்டியவர்கள் எல்லாம் தோட்டத்துத் துரைகள், பட்டாளத்துத் துரைகள், இரண்டு சீனப் பணக்காரப் பையன்கள். கப்பலில் வந்து இறங்கிய புது வண்டிகள். அவர்களுக்கு நடுவே ஒரு தமிழன். பெயர் இருதயம். கிள்ளானில் ஒரு தகரக் கொட்டகையில் வண்டி ரிப்பேர் செய்கிறவன், முப்பது வயது இருக்கும். செத்துப்போன மூன்று மோட்டார் சைக்கிள்களைச் சேர்த்து ஒன்றுக்கு உயிர் கொடுத்து வைத்திருந்தான். டாங்கி ஒரு நிறம், மட்கார்ட் ஒரு நிறம். அது கிளம்பியபோது திடல் ஓரத்து மரங்களில் இருந்த காக்கைகள் எல்லாம் பக்கத்து ஊரான காப்பாருக்குப் பறந்துபோயின. திரும்பி வரவே இல்லை.

ஜெயித்தான். கடைசிச் சுற்றில் இரண்டு துரைகளுக்கு நடுவே, ஒரு சாண் இடைவெளியில் நுழைந்து ஜெயித்தான். நான் தொண்டை கிழியக் கத்தினேன். கத்தியது போர்ட் சுவெட்டன்ஹாமில் கப்பலில் இருந்தவனுக்குக் கேட்டிருக்கும்.

வண்டி நின்றதும் முதல் ஆளாகப் போய் நின்றேன். பின்னால் ஐம்பது பேர். இருதயம் இறங்கிக் கண்ணாடியைக் கழற்றினான். கண்ணைச் சுற்றி மட்டும் வெள்ளை, மற்றதெல்லாம் சேறு.

"தம்பி! மானத்தக் காப்பாத்திட்டே! ஒரு ஆட்டோகிராப்" என்று புத்தகத்தை விரித்து ஊற்றுப்பேனாவை நீட்டினேன்.

வாங்கினான். பேனா கீழே விழுந்தது. நானே குனிந்து எடுத்துக் கொடுத்தேன். மறுபடியும் விழுந்தது. என் முகத்தைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான்.

"கொஞ்சம் இருங்க அண்ணே..." என்றான்.

அந்தப் பார்வையை நான் எட்டு லட்சம் தடவை பார்த்தவன் ஆயிற்றே. என் கை தானாகக் கோட்டுப் பைக்குள் போனது. அவன் அடுத்த வார்த்தை பேசுவதற்குள் இடது கட்டைவிரலைப் பிடித்தேன், மையில் ஒற்றினேன், இளஞ்சிவப்புப் பக்கத்தில் உருட்டினேன். அற்புதமான ரேகை, ஒரு கோடு கலையவில்லை. அதோடு விட்டேனா? கீழே ஆங்கிலத்தில் அழகாக எழுதினேன்: 'இருதயம், இடது கட்டைவிரல் அடையாளம். சாட்சி, பக்கிரிசாமி, ரயில்வே சம்பளக் கிராணி, ஓய்வு.'

அதைப் பார்த்தவர் கோப்பை கொடுக்க வந்திருந்த துரை. கோலாலம்பூரில் ஒரு பெரிய மோட்டார் கம்பெனிக்கு மேனேஜர். என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார், புத்தகத்தை வாங்கிப் படித்தார், தன் மனைவியிடம் காட்டினார். அந்த அம்மாள் சிரித்தாள். அவர்கள் சிரித்ததால் மற்றவர்களும் சிரித்தார்கள்.

"அண்ணே, அது எனக்கு..." என்று இருதயம் ஏதோ சொல்ல வந்தான். அதற்குள் கிள்ளான்காரர்கள் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். நீல விரலை மட்டும் மேலே, தனியாக, எதிலும் படாமல் தூக்கிப் பிடித்திருந்தான்.

ஒரு மாதம் பிரிக்பீல்ட்ஸில் எனக்குத் தீபாவளிதான். 'உலகத்திலேயே கைநாட்டு ஆட்டோகிராப் வைத்திருக்கிற ஒரே ஆள்' என்று நானே எனக்குப் பட்டம் கொடுத்துக்கொண்டேன். சொல்லச் சொல்லக் கதை வளர்ந்தது. கடைசியில் அவன் என் காலில் விழுந்து, "நீங்கதான் எனக்குப் பேனா பிடிக்கச் சொல்லிக் குடுக்கணும்" என்று அழுததாகக்கூடச் சொல்லிவிட்டேன்.

அடுத்த ரேஸ் பட்டியலில் அவன் பெயர் இல்லை. என்ன ஆயிற்று பார்க்கலாம் என்று ரயில் ஏறிக் கிள்ளானுக்குப் போனேன்.

கொட்டகையைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. வாசலில் ஒரு பலகை. டயர் ஒட்டப்படும், எஞ்சின் பார்க்கப்படும் என்று தமிழில், ஆங்கிலத்தில், மலாயில். எழுத்து ஒவ்வொன்றும் அச்சில் வார்த்த மாதிரி இருந்தது. இருதயம் இல்லை. அவன் மனைவி சாந்தமேரி இடுப்பில் குழந்தையோடு வந்தாள்.

"பலகை ரொம்ப ஜோர்மா. எந்தப் பெயிண்டர் எழுதினான்?"

"அவருதாங்க எழுதினாரு."

"அவருன்னா?"

"என் வீட்டுக்காரர். பாதிரியார் பள்ளிக்கூடத்துல ஏழாவது வரைக்கும் படிச்சவரு. மாதா கோயில்ல கல்யாண ஓலை, ஞானஸ்நான ரிஜிஸ்தர் எல்லாம் அவரு கையாலதான் சாமியார் எழுதச் சொல்லுவாரு."

ஒரு விரலை நான் தப்பாகப் படித்திருக்கிறேன். முப்பத்திரண்டு வருடத்தில் முதல் தடவை.

"அப்ப அன்னிக்கு ரேஸ்ல... பேனாவக் கீழ போட்டாரே?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கோட்டின் இடது பையைப் பார்த்தாள். "ஓ, நீங்கதானா அது?" என்றாள். அவள் கத்தியிருக்கலாம். கத்தவில்லை, ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். "அந்த வண்டி ஆட்டுற ஆட்டத்துல ரேஸ் முடிஞ்சி அரை மணி நேரத்துக்கு அவருக்கு விரல் மரத்துப்போயிரும். சோத்த நான்தான் ஊட்டிவிடுவேன். கொஞ்சம் இருங்கன்னு சொன்னாராமே, நீங்க இருக்கலியா?"

நான் இருக்கவில்லை.

பிறகு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இதில் நான் ஊதிப் பெருக்க ஒன்றும் இல்லை. கோப்பை கொடுத்த துரையின் மோட்டார் கம்பெனியில் தலைமை மெக்கானிக் வேலை காலியாக இருந்திருக்கிறது. ஒவ்வொரு வண்டிக்கும் என்ன கோளாறு, என்ன செய்தோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டிய வேலை. இருதயம் ரேசுக்கு முன்பே தன் கையால் விண்ணப்பம் எழுதி அனுப்பியிருந்தான். ஜெயித்தவனைக் கூப்பிடுவார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். துரை கூப்பிடத்தான் செய்தார். விண்ணப்பத்தை மேசைமேல் போட்டு, "இதை யார் எழுதிக் கொடுத்தது? நீ கைநாட்டு வைத்ததை நான் கண்ணால் பார்த்தேன். எழுதத் தெரியாதது குற்றம் இல்லை, ஏமாற்றுவதுதான் குற்றம்" என்று சொல்லி வெளியே அனுப்பிவிட்டார். கையெழுத்து அவ்வளவு அழகாக இருந்ததுதான் வினையாகப் போயிற்று. அதற்குப் பிறகு அவன் ரேஸ் பக்கமே போகவில்லை.

அன்று ரயிலில் திரும்பும்போது எதிரில் இருந்தவர் பேச்சுக் கொடுத்தார். நான் பேசவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

மறுநாள் காலை கோட்டை மாட்டிக்கொண்டு, புத்தகத்தை எடுத்துக்கொண்டு, அந்தக் கம்பெனிக்குப் போனேன். மேனேஜர் துரை ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் பிறகு கூப்பிட்டார். நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். மரத்த விரல், விழுந்த பேனா, என் அவசரம், எல்லாம். பழக்கமில்லாத வேலை, நாக்கு தடுமாறியது. பொய் சொல்லும்போது நான் இப்படித் தடுமாறியதே இல்லை.

துரை புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தைத் திருப்பினார். என் கையெழுத்தின் மேல் விரலை வைத்தார். "இது நீ போட்டதுதானே?"

"ஆமாம், துரை."

"சாட்சி என்று போட்டிருக்கிறாய். முப்பத்திரண்டு வருட அனுபவம் வேறு. அன்றைக்குப் பொய்ச் சாட்சியா, இன்றைக்குப் பொய்ச் சாட்சியா?"

"அன்றைக்குத்தான், துரை."

"அந்த வேலைக்கு ஆள் வைத்தாகிவிட்டது." புத்தகத்தை மூடிக் கொடுத்தார். "அவன் இங்கே வந்து என் எதிரில் எழுதிக் காட்டட்டும். அடுத்த இடம் காலியானால் பார்க்கலாம்."

ஏதோ கிடைத்தது என்று மத்தியான ரயிலிலேயே கிள்ளானுக்கு ஓடினேன். இருதயம் ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தான். இரண்டு கால் மட்டும் வெளியே தெரிந்தது. அந்தக் கால்களிடம்தான் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

"எழுதிக் காட்டணுமா?" என்று வண்டிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஆமா தம்பி. ரெண்டு வரி. நானும் கூட வர்றேன்."

"நீங்க வேற வரணுமா!" வெளியே வந்து உட்கார்ந்தான். "ரெண்டு பக்கம் எழுதித்தானே கிராணியாரே அனுப்பினேன். அத நம்பாதவரு முன்னால போயி சிலேட்டுப் பலகையில அ, ஆ எழுதிக் காட்டணுமா? நான் வரல."

"புள்ளகுட்டிக்காரன். வீம்பு பிடிக்காத."

"வீம்பு இல்லீங்க. நாளைக்கி வேல குடுத்தாலும், நான் ஒரு பேப்பர் எழுதி வச்சா இது யாரு எழுதினதுன்னுதான் அவரு பாப்பாரு. தெனமும் அவரு பக்கத்துல நின்னு சாட்சிக் கையெழுத்துப் போட நீங்க வருவீங்களா?"

 புத்தகத்தை விரித்து அந்தப் பக்கத்தை அவன் முன்னால் நீட்டினேன். பிறகு வெட்கம் கெட்டுக் கேட்டேன்: "அந்த ரேகைக்குப் பக்கத்திலயாவது உன் கையெழுத்தப் போடு தம்பி. பாக்கிறவன் உண்மையத் தெரிஞ்சுக்கட்டும்."

இருதயம் எண்ணெய்க் கையை மண்ணெண்ணெயில் கழுவி, துணியில் துடைத்து, புத்தகத்தை வாங்கினான். நிதானமாகப் படித்தான். சாந்தமேரி குழந்தையோடு வந்து பின்னால் நின்றாள்.

"மைப்பெட்டி இருக்கா?" என்றான்.

எடுத்துக் கொடுத்தேன். திறந்தான். என் இடது கையைப் பிடித்தான். பிடித்த பிடியிலேயே கட்டைவிரலை மையில் ஒற்றி, அவன் ரேகைக்குப் பக்கத்தில் வைத்து உருட்டினான். "கொஞ்சம் இரு..." என்று நான் சொன்னது எனக்கே கேட்டது. அவன் இருக்கவில்லை. பிறகு என் பேனாவை வாங்கி, பலகையில் பார்த்த அதே எழுத்தில், ஆங்கிலத்தில் எழுதினான்: 'பக்கிரிசாமி, இடது கட்டைவிரல் அடையாளம். சாட்சி, இருதயம்.' கீழே கையெழுத்துப் போட்டான். அந்தப் புத்தகத்தில் அவ்வளவு அழகான கையெழுத்து வேறு இல்லை.

சாந்தமேரி சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். இருதயம் சிரிக்கவில்லை. "மை காயட்டும். அதுக்கு முன்னால மூடாதீங்க" என்று சொல்லிவிட்டு மறுபடியும் வண்டிக்கு அடியில் போனான்.

வீட்டுக்கு வந்ததும் நல்லம்மாள் விரலைப் பார்த்தாள், புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்தாள். முதல் பக்கத்திலிருந்து விரல் வைத்து எண்ணிக்கொண்டு வந்தாள். ஏதாவது சொல்லித் திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"இப்பத்தான் இருபத்தாறு. முன்ன இருபத்தஞ்சுதான். அந்த விரல நான் கணக்குலயே சேக்கல" என்றாள்.

எலுமிச்சம்பழம், மண்ணெண்ணெய், புளி எல்லாம் போட்டுத் தேய்த்தேன். நகக்கண்ணில் இருந்த நீலம் மூன்று வாரம் போகவில்லை. நல்லம்மாளைக் கேட்டுப் பாருங்கள், இந்த ஒன்றை மட்டும் அவளும் மூன்று வாரம் என்றுதான் சொல்வாள்.