உள்ளங்கை அகல அடுப்பு

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரைப் பொறுத்தவரை, உலகத்துப் பொருள்களெல்லாம் இரண்டே வகை: மூக்கில் கனப்பவை, கனக்காதவை. கண்ணாடிச் சட்டங்களை நிறுக்கும் சிறு தராசை வீட்டுக்குக் கொண்டுவந்து, குளிர்கால மலைமுகாமுக்கு வேண்டிய சாமான்களை அதில் ஏற்றுவதும் இறக்குவதுமாகவே அவருடைய மாலைப்பொழுதுகள் கழிந்தன. சென்ற ஆண்டு, எடையைக் குறைக்கிறேன் பேர்வழி என்று, சட்டங்களுக்குத் துளையிடும் கருவியால் சூப் கரண்டியிலேயே வரிசையாகத் துளை போட்டுவிட்டார். மலைமேல் அவருடைய மனைவி அந்தக் கரண்டியால் கிண்ணத்தைத் துழாவிப் பார்த்துவிட்டு, ஒரு சொட்டும் வாய்க்கு வந்து சேராமற்போகவே, கிண்ணத்தையே தூக்கிக் குடித்தாள். அந்தச் சூப்பிலும் சூடில்லை. குளிர் தாங்காத அடுப்பு பாதியிலேயே கண்ணை மூடியிருந்தது.

"இந்த வருஷம் குளிர்ல தண்ணி கொதிக்கும்னு முன்னாடியே நிரூபிச்சுக் காட்டுங்க, வரேன். இல்லேன்னா நீங்களும் என் தம்பியும் ஜோடியா போயிட்டு வாங்க" என்று அவள் தீர்ப்பளித்துவிட்டாள்.

கடைக்காரர் தராசை ஓரமாகத் தள்ளிவைத்தார். மைத்துனன் தங்கமானவன்தான், ஆனால் அவனோடு ஒரே கூடாரத்தில் படுப்பது, மாவு மில்லுக்குள் பாய் விரிப்பதற்கு ஒப்பாகும். அந்தக் குறட்டைக்காகவே வீட்டில் அவனுக்கு 'இடி' என்று பெயர்.

மேசைமேல் இரண்டு அடுப்புகள் இருந்தன. ஒன்று, இடி இரவலாகக் கொடுத்த பெட்ரோல் அடுப்பு. புட்டி, குழாய், பம்ப் எல்லாம் சேர்ந்து செங்கல் கனம் கனத்தது. மற்றது, கடைக்காரர் புதிதாக வாங்கிய கேஸ் அடுப்பு. மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்கும், கேஸ் டப்பாவின் தலையில் திருகினால் வேலை முடிந்தது.

"அத்தான், குளிர்ல கேஸ் மேல எழும்பி வராது. பெட்ரோலைப் பம்ப் அடிச்சா வந்துதானே ஆகணும்? என்னுதையே எடுத்துக்குங்க" என்றான் இடி.

"உன் அடுப்பைத் தூக்கறதுக்கு உன்னையே தூக்கிட்டுப் போயிடலாம், மச்சான்."

"எனக்கென்ன, நான் பையைக் கட்டி ரெடியா வச்சிருக்கேன்."

கடைக்காரர் சிறிய அடுப்பையே தேர்ந்தெடுத்தார். அவருடைய மனைவி ஒரு குளிர்பதனக் கிடங்கின் மேற்பார்வையாளர். அன்று மாலையே கேஸ் டப்பாவை எடுத்துச்சென்று, சரக்கின்றிக் காலியாகக் கிடந்த உறைநிலை அறையில் வைத்துப் பூட்டினாள். மூடிய அறைக்குள் அடுப்பைப் பற்றவைத்தால் நச்சுக்காற்று சேரும் என்பதனால், மறுநாள் காலை, லாரிகள் வந்துநிற்கும் திறந்த முற்றத்தில் பரீட்சை ஏற்பாடாயிற்று. வேடிக்கை பார்க்க இடியும் வந்திருந்தான். கைப்பிடிச் சுவர்மேல் உறைபனி வெள்ளையடித்ததுபோல் படிந்திருந்தது.

டப்பாவைக் கணவர் கையில் கொடுத்துவிட்டு, அவள் பாத்திரமும் தண்ணீரும் எடுத்துவரப் போனாள். திரும்பியபோது கடைக்காரர் வில்லாய் வளைந்து நின்றார். பற்கள் தாளம் போட்டன.

"ஏங்க, இப்படிக் கூனிக்குறுகி நிக்கறீங்க?"

"சும்மா... பனியை ரசிக்கிறேன்."

"வயித்துக்கிட்ட என்ன புடைப்பு?"

"காலையில கொஞ்சம் அதிகமா சாப்பிட்டுட்டேன்."

"டப்பாவையா?"

கம்பளிச்சட்டைக்குள் கையை விட்டு அவள் டப்பாவை வெளியே இழுத்தாள். கடைக்காரரின் முகத்தில் ஈயாடவில்லை. இடியோ சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"மலையிலயும் இதைச் சூடாக்க வயித்துல கட்டிக்கிட்டுத்தான் நடப்பீங்களா?"

"நடப்பேன்."

"ராத்திரி?"

"தூங்கற பைக்குள்ள வச்சுக்கிட்டுப் படுப்பேன். உன்மேல சத்தியம்."

"அப்போ இது திருட்டுத்தனம் இல்லே, ஏற்பாடு. பத்தவைங்க."

அடுப்பு சீறிக்கொண்டு நீலமாக எரிந்தது. கடைக்காரர் நெஞ்சை நிமிர்த்தினார். தண்ணீர் முணுமுணுக்கத் தொடங்கி, பாத்திரத்தின் அடியில் பொடிப்பொடியாகக் குமிழிகள் அரும்பின. ஆனால், கேஸ் வெளியேற வெளியேற டப்பா தானாகவே குளிர்ந்தது. அதன் வெளிப்பக்கத்தில் பனி பூத்தது. சுடர் குட்டையாகி, மஞ்சளாகி, ஊசலாடியது.

"அத்தான், கூடாரத்துல வலது பக்கம் உங்களுக்கா, எனக்கா?" என்று இடி அக்கறையோடு விசாரித்தான்.

கடைக்காரர் வெப்பத்தையெல்லாம் வயிற்றிலிருந்து டப்பாவுக்குத் தாரைவார்த்துவிட்டு, விறைத்த விரல்களைப் பார்த்தபடி நின்றார். அப்போது அவருடைய மனைவி கையுறைகளைக் கழற்றி இடியிடம் வீசிவிட்டுக் குந்தி உட்கார்ந்து, சுடருக்கு வெகு கீழே, டப்பாவின் அடிப்பகுதியை இரு உள்ளங்கைகளாலும் அணைத்துப் பிடித்தாள்.

"என்ன பண்றே நீ?"

"வாயை மூடிட்டுத் தண்ணியைப் பாருங்க. இவன்கூட உங்களை அனுப்பினா, பத்து நாளைக்குத் தூக்கமில்லேன்னு என்கிட்டதானே வந்து புலம்புவீங்க?"

சுடர் மெல்லத் தலைதூக்கியது. சிறிது நேரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதித்துப் பாத்திரத்தின் மூடியைத் தட்டியது.

மூவரும் தேநீர் குடித்தனர். கடைக்காரர் நாக்கைச் சுட்டுக்கொண்டு, அதையும் வெற்றியாகவே கொண்டாடினார்.

"வரேன். ஆனா சின்ன அடுப்பு என் பையில, பம்ப் அடுப்பு உங்க முதுகுல. ஒண்ணு தூங்கிட்டா இன்னொண்ணு இருக்கணும். அப்புறம், ஓட்டை இல்லாத கரண்டி ஒண்ணு" என்றாள்.

"ரெண்டு அடுப்பா! எடை..." என்று கடைக்காரர் வாயைத் திறந்தார்.

அந்த நேரம் பார்த்து இடி ஒரு கொட்டாவி விட்டான். முற்றத்தின் மறுகோடியில் நின்ற லாரி ஓட்டுநர், வேறு வண்டி கிளம்புகிறதோ என்று திரும்பிப் பார்த்தார்.

"கரண்டி பெரிசாவே எடுத்துக்கலாம்" என்றார் கடைக்காரர்.