தட்டிவிட்டு எடுக்கும் வண்டி

"வண்டி உங்களோடதுதானே மாமா? அப்புறம் ஏன் வீட்டுக் கதவைத் தட்டற மாதிரி தட்டிட்டு எடுக்கறீங்க?"

மகள் இதைக் கேட்டபோது, பள்ளிச் சட்டைக்குத் தானே பொத்தான் போட்டுக்கொள்ளத் தெரியாத வயது அவளுக்கு. குடியிருப்பின் கீழ்த்தளத்தில், தூண்களுக்கு நடுவே வண்டிகள் நிற்கும் இடத்தில், பள்ளி வேனுக்காக அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். டாக்ஸிக்காரர் தன் பழைய காரின் பானெட்டை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, காதைச் சாய்த்துக் காத்திருந்தார்.

"உள்ள ஓனரம்மா தூங்கறாங்க பாப்பா. கேக்காம எடுத்தா கோவிச்சுக்குவாங்க."

அவர் வாய் மூடுவதற்குள் முன்சக்கரத்தின் மேலிருந்து ஒரு சாம்பல் நிறப் பூனை இறங்கியது. முதுகை வளைத்துக் கொட்டாவி விட்டு, யாரையும் பார்க்காமல் தண்ணீர் மோட்டார் அறைப் பக்கம் நடந்துபோனது. மகள் வேனில் ஏறும்வரை சிரித்துக்கொண்டே இருந்தாள்.

மழைக்காலத்தில் ஓடி வந்து நின்ற வண்டியின் உள்ளே நெடுநேரம் சூடு இருக்கும். தெருப்பூனைகள் அதைத் தேடி ஏறிப் படுத்துக்கொள்ளும். தெரியாமல் சாவியைத் திருப்பினால் எஞ்சின் பெல்ட்டில் மாட்டிக்கொள்ளும். "ஒரு தடவை அப்படி ஆயிடுச்சும்மா" என்று மட்டும் டாக்ஸிக்காரர் மகளின் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

அவள் கணவர் அப்போது குடியிருப்புச் சங்கத்தின் செகரட்டரி. வீட்டிலும் செகரட்டரிதான். அவளுக்குக் கோபம் வந்தால் 'என்னங்க' போய் 'செகரட்டரி சார்' வந்துவிடும்.

அந்த வருடம் பூனைகள் மேல் ஏகப்பட்ட புகார். கார்மேல் கால்தடம், படிக்கட்டடியில் நாற்றம், யாருடைய ஸ்கூட்டர் சீட்டிலோ நகக்கீறல். ஞாயிற்றுக்கிழமை ஆள் வைத்துச் சாக்கில் பிடித்து, ஊருக்கு வெளியே விட்டுவிடுவதென்று சங்கம் முடிவு செய்தது. அவள் அப்போது நிறைமாதம்.

"ஓனரம்மா எங்கயோ குட்டி போட்டிருக்குங்க. தாயைப் புடிச்சிட்டுப் போயிட்டா குட்டிங்க என்ன பண்ணும்?"

"எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவு. நான் என்ன பூனைக்கு வக்கீலா?"

"வக்கீலா இருக்க வேணாம். எமனா இல்லாம இருந்தாப் போதும், செகரட்டரி சார்."

அவர் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டுக் கை கழுவப் போனார்.

சனிக்கிழமை விடியும் நேரத்தில், கொட்டுகிற மழையில், அவளுக்கு வலி கண்டது. மகளை எதிர்வீட்டில் விட்டுவிட்டு, ஒரு கையில் குடையும் மறு கையில் அவளுமாகக் கணவர் படியிறங்கினார். டாக்ஸிக்காரர் பின்கதவைத் திறந்து அவளை உட்கார வைத்தார். பிறகு முன்பக்கம் போய்ப் பானெட்டைத் தட்டினார்.

உள்ளிருந்து நூல்போல ஒரு சத்தம் வந்தது.

"இவ இங்க துடிச்சிட்டிருக்கா. நீங்க பூனையை எழுப்பிட்டு நிக்கறீங்க. எடுங்க வண்டிய."

"மோட்டார் ரூம்ல தண்ணி ஏறிடுச்சு சார். குட்டிங்களை இங்க தூக்கிட்டு வந்திருக்கு. இப்ப எடுத்தா அதுங்க போயிடும். பெல்ட் அறுந்தா நாமளும் பாதி வழியில நிப்போம்."

"அதெல்லாம் அறுந்தா பாத்துக்கலாம்."

அவள் பின்சீட்டிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "குட்டிங்களை எடுக்கட்டும் விடுங்க. நான் தாங்கிக்கறேன்."

"ரெண்டு பிள்ளைத்தாச்சியை வச்சிக்கிட்டு ஒருத்தன் எப்படிம்மா வண்டி ஓட்டறது" என்று முனகியபடி டாக்ஸிக்காரர் பானெட்டைத் தூக்கினார். அந்த வலியிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. தாய்ப்பூனை அவர் முழங்கையைப் பிறாண்டிவிட்டுக் குதித்தது. அவர் கண்திறக்காத குட்டி ஒன்றை எடுத்து, திரும்பிப் பார்க்காமலே பின்னால் நீட்டினார். "புடிங்க சார்."

செகரட்டரி பிடித்துக்கொண்டார். பிடிக்காமல் என்ன செய்வது? பிறகு இன்னொன்று, இன்னொன்று. வைக்க இடம் தெரியாமல், தன் குடையை விரித்துத் தூணோரம் மல்லாத்தி வைத்து, அதற்குள் குட்டிகளை விட்டார். தாய்ப்பூனை வந்து முகர்ந்து பார்த்துவிட்டு ஏறிப் படுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரி வாசலில் அவர் தொப்பலாக நனைந்து இறங்கினார். வெயில் வருவதற்குள் மகன் பிறந்தான்.

சாயங்காலம் குழந்தையைப் பார்க்க டாக்ஸிக்காரர் வந்தபோது, கணவர் அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். "உங்களுக்கு நான் என்ன செய்யறதுன்னு தெரியல."

"எனக்கு எதுக்கு சார்? நான் இல்லாத அன்னைக்கு யாராவது தட்டிவிட்டாப் போதும்."

மறுநாள் சாக்கோடு வந்த ஆட்களைச் செகரட்டரி வாசலிலேயே திருப்பி அனுப்பினார். ஒரே இடத்தில்தான் சாப்பாடு வைக்க வேண்டும், பூனைகள் பெருகாமல் கால்நடை மருத்துவமனையில் ஆபரேஷன் செய்துவிட வேண்டும் என்று சங்கத்தில் பேசி முடித்தார். டாக்ஸிக்காரர் ஒவ்வொன்றாகக் கூடையில் கொண்டுபோய், காதுநுனியில் அடையாள வெட்டோடு திருப்பிக் கொண்டுவந்தார். அந்த வெட்டு இருந்தால் இனி யாரும் பிடிக்கக் கூடாது என்று அர்த்தம்.

"செகரட்டரிக்குத் திடீர்னு பூனை மேல பாசம்" என்று கேலி செய்தார்கள்.

"பாசமாவது ஒண்ணாவது. சனியனுங்க பெருகக் கூடாது, அவ்வளவுதான்."

அதற்குப் பிறகு எத்தனையோ மழைக்காலங்கள். கேள்வி கேட்ட மகள் இன்று வேறோர் ஊரில் தானே கார் ஓட்டுகிறாள், தட்டிவிட்டுத்தான் எடுக்கிறாளாம். மகன் அப்பாவைவிட உயரம். ஓனரம்மாவின் இடத்துக்கு வெட்டுக்காதோடு வேறொரு பூனை வந்துவிட்டது. கண் மங்கியதும் டாக்ஸிக்காரர் தன் மகள் வீட்டோடு போனார். போன மாதம் அவர் இறந்த செய்தி வந்தது. கணவர் "ம்" என்றார்.

இன்று விடியற்காலை நல்ல மழை. அவளுக்கு விழிப்பு வந்தபோது பக்கத்துப் படுக்கை காலியாக இருந்தது. குளியலறையில் தண்ணீர்ச் சத்தம். மழைச்சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கிடந்தவளுக்கு டாக்ஸிக்காரர் ஆஸ்பத்திரியில் சொன்ன அந்தப் பழைய வார்த்தை நினைவுக்கு வந்தது. இனி யார் தட்டுவார்கள்? முழங்கால் வலியோடு படியிறங்கினாள்.

முதல் காரின் முன் நின்று கையை ஓங்கியவள், அப்படியே நிறுத்திக்கொண்டாள். பானெட்டில் படிந்திருந்த தூசியில் ஓர் உள்ளங்கைத் தடம் இருந்தது. அடுத்த காரிலும் இருந்தது. வரிசை முழுக்க இருந்தது. கழுவாமல் நெடுநாளாக நிற்கும் ஒரு காரில் மட்டும் தடத்தின்மேல் தடமாக, பழையவற்றின்மேல் மறுபடி தூசி படிந்து, அதன்மேல் இன்றைய ஈரத்தடம். அவள் தன் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். அவள் கையைவிடப் பெரியது; சுண்டுவிரல் சற்று வளைந்திருந்தது. அந்த வளைவு அவளுக்குத் தெரியும்; அன்று மழையில் அவளைப் பிடித்துப் படியிறக்கிய கை.

மோட்டார் அறைப் படியில் வெட்டுக்காதுப் பூனை, யாரோ அப்போதே எழுப்பிவிட்ட முகத்தோடு உட்கார்ந்திருந்தது.

மேலே வந்தபோது கணவர் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார்.

"இந்த மழையில எங்க போயிட்டு வர்ற?"

"பால் வந்திருக்கான்னு பாத்தேன்."

"கீழ அந்தச் சனியனுங்க கத்திட்டிருக்குமே."

"இருக்கும்" என்றாள்.

கண்ணை மூடிக்கொண்டு பால் குடிக்கும் பூனைக்கு உலகமே இருட்டு. அந்த இருட்டை அவள் ஏன் கலைக்க வேண்டும்? இப்படிப்பட்ட கணக்குகளைக் கடவுள் பார்த்துக்கொள்வார்.

வாசற்கதவின் கைப்பிடியில் கறுப்பாக விரல் தடங்கள் இருந்தன. அவள் முந்தானையின் நுனியால் அவற்றைத் துடைத்துவிட்டு, டீ போடப் போனாள்.