முதுகில் ஒரு கச்சேரி

“இடிக்கையோட கடைசிக் கச்சேரியைக் கேட்டவன் இந்த உலகத்துலயே நான் ஒருத்தன்தான். முழுக் கச்சேரி! என் முதுகுல வாசிச்சான்!”

இதைச் சொன்ன வாயில் முன்பல் ஒன்றைக் காணோம். மேலுதடு வீங்கி மூக்கைத் தொட்டுக்கொண்டிருந்தது. இடது கண் பூட்டிய கடை. ஆனால் திறந்திருந்த வலது கண்ணில் வழிந்த சந்தோஷத்தை வாளியில் பிடித்தால் தெருவுக்கே விநியோகம் பண்ணலாம்.

அவர் தொழில் டிங்கரிங். நசுங்கிய கார்களைத் தட்டி நிமிர்த்துகிற பட்டறை. இப்போது அவரே நசுங்கிக் கட்டிலில் குப்புறக் கிடக்க, முதுகில் களிம்பு தடவிக்கொண்டிருந்தவன் அவர் மனைவியின் தம்பி. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவன். எலும்பு உடைந்ததென்று ஊரே அலறினாலும் படத்தில் பார்க்காமல் ஒப்புக்கொள்ளாத வேலை, குணத்திலும் ஏறிவிட்டது. மழை பெய்கிறது என்று யாராவது சொன்னால் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவான்.

“அத்தான், அடி வாங்கினா அடி வாங்கினேன்னு சொல்லுங்க. எங்க குடும்பத்துல யாரும் சிரிக்க மாட்டோம். பழகிருச்சு.”

“அடி இல்லடா மச்சான், வாசிப்பு! நீ தடவுற வரிசையைப் பாரு. தோள்பட்டையில மூணு, கீழ மூணு, நடுவுல ரெண்டு. அவனைத் தவிர வேற எவன் அப்படி அடிப்பான்?”

“பத்துப் பேர் சேர்ந்து அடிச்சாலும் அப்படித்தான் விழும்.”

இடிக்கை என்பது ஒரு டிரம்ஸ்காரனின் பட்டப்பெயர். மேடையில் வெல்டர்கள் மாட்டுகிற இரும்பு முகமூடியைப் போட்டுக்கொண்டு வாசிப்பான். முகத்தைப் பார்த்தவர்கள் கிடையாது. அவன் வாசித்தால் பக்கத்து ஊர்க் கோழிகள் முன்கூட்டியே முட்டையிட்டுவிடும் என்பார்கள். அதைவிடப் பெரிய விஷயம் அவன் வாசிக்காத இடம். மலையிலிருந்து பாறை உருளுகிற மாதிரி அடுக்கிக்கொண்டே வந்து, கடைசி அடிக்கு முன்னால் கையை அந்தரத்தில் நிறுத்திவிடுவான். மைதானமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். இனிமேல் தாங்காது, நாலு பேராவது செத்துவிடுவார்கள் என்கிற நொடியில் அந்த அடி இறங்கும்.

அத்தானுக்கு இதெல்லாம் ஒலிப்பதிவில் மனப்பாடம். அவர் பட்டறையில் நிமிர்ந்த ஒவ்வொரு காரும் இடிக்கையின் தாளத்தில்தான் நிமிர்ந்தது. ஆனால் நேரில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. டிக்கெட் கிடைக்காமல் இல்லை, கை சும்மா இருக்காமல்.

முதல் தடவை வரிசையில் ஒருவன் குறுக்கே புகுந்தான். அத்தான் அவன் காலரைத் தொட்டார், அவ்வளவுதான். காலர் தனியாக வந்துவிட்டது. காலருக்குச் சொந்தக்காரனுடைய அண்ணன் தம்பிகள் பின்னாலேயே நின்றிருந்தார்கள். ஒருவனை அத்தான் தலையால் முட்ட, இன்னொருவன் அத்தானைத் தூக்கி மைதானத்தின் வாசல் கதவில் எறிய, கதவு அவர்மேலேயே சாய்ந்தது. கச்சேரி கேட்டுத் திரும்பிய அத்தனை கூட்டமும் அந்தக் கதவின் மேல் நடந்துதான் வீட்டுக்குப் போனது. கடைசி ஆள் போன பிறகுதான் கீழே யாரோ முனகுகிறார்களே என்று பார்த்தார்கள்.

இரண்டாவது தடவை பஸ்ஸில். “இடிக்கை என்ன பெருசா வாசிக்கிறான், எல்லாம் மிஷின்தான்” என்று ஒருவர் சொல்லிவிட்டார். அவர் செருப்பாலேயே அவருக்கு அத்தான் பதில் சொல்ல, அது குறி தவறி டிரைவர் பிடரியில் பட, பஸ் கால்வாயில் இறங்கியது. இடுப்பளவு தண்ணீரிலும் சண்டை நிற்கவில்லை. டிரைவர் ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டே மறு கையால் அடித்தார் என்று கேள்வி.

மூன்றாவது தடவை நாற்காலி வரைக்கும் போய் உட்கார்ந்தே விட்டார். முன்னால் இருந்தவர் குடையை விரித்தார். அத்தான் மடக்கச் சொன்னார். அவர் மடக்கி, அத்தான் தலையில் இறக்கினார். அத்தானும் நாற்காலியைப் பிடுங்கித் திருப்பிக் கொடுத்தார். இரண்டு பேரையும் முதலுதவிக் கூடாரத்துக்குத் தூக்கி வந்தார்கள். அங்கே ஆஸ்பத்திரி சார்பில் உட்கார்ந்திருந்தவன் இதே மச்சினன். கச்சேரி தொடங்கி முடிகிற வரை அத்தான் மேடைக்குப் பின்னாலேயே கிடந்தார், நினைவில்லாமல்.

அந்தக் கூடாரப் புண்ணியத்தில் மச்சினன் எல்லாக் கச்சேரிக்கும் போயிருந்தான். அதுவும் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு. பட்டறை வாசல் பெஞ்சில் இடிக்கையைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் அத்தான் வாயைத் திறந்தால் போதும், “கேட்டவன் பேசட்டும் அத்தான், நீங்க கேள்விப்பட்டவர்” என்பான். பெஞ்சே சிரிக்கும். ஆயிரம் அடி வாங்கியவருக்கு அந்த ஒரு அடிதான் வலித்தது. மச்சினன் வாயாலேயே “அத்தானும் நேர்ல கேட்டவர்தான்” என்று ஒரு தடவை சொல்ல வைக்க வேண்டும். அதற்காகவே உயிரோடு இருந்தார்.

அப்போதுதான் இடிக்கை தன் கடைசிக் கச்சேரியை அறிவித்தான். அதற்குமேல் குச்சியைத் தொடப்போவதில்லையாம். மச்சினனுக்கு அன்று கூடாரம் இல்லை, ஆஸ்பத்திரியிலேயே ராத்திரி வேலை.

அக்கா ஒரு முடிவுக்கு வந்தாள். கணவனைக் கூப்பிட்டு இரண்டு கைகளையும் பேன்ட் பைக்குள் விடச் சொன்னாள். விட்டார். மணிக்கட்டைச் சுற்றிப் பையோடு சட்டைக் கையையும் சேர்த்து, சாக்கு தைக்கிற ஊசியால் தைத்துவிட்டாள்.

“மூக்கு அரிச்சா என்னடி பண்றது?”

“சுவத்துல தேய்ச்சுக்குங்க. கச்சேரி கேட்டுட்டு வாங்க, பிரிச்சு விடறேன்.”

அப்படியே கிளம்பிப் போனவர்தான் இந்தக் கோலத்தில் திரும்பியிருந்தார். வந்தபோதும் பைத்தையல் மட்டும் பிரியவில்லை, அக்காதான் பிரித்து விட்டாள். மச்சினனைக் கொஞ்சம் உறுத்தியது அது ஒன்றுதான்.

“வரிசையில நின்னாத்தானே வம்புன்னு மத்தியானமே மைதானத்துக்குப் பின்பக்கம் போயிட்டேன்டா,” என்றார் அத்தான், தலையணைக்குள்ளிருந்து. “அங்க ஒரு வேன் நிக்குது. ஒரு நோஞ்சான் ஆளு, பாக்க ஆபீஸ் கிளார்க் மாதிரி, வேன் மேல ரெண்டு கையாலயும் தட்டிக்கிட்டே இருக்கான். தகரம் உள்வாங்குது. எனக்குப் பொறுக்குமா? ‘யோவ், அடிக்கத் தெரியலைன்னா எதுக்குய்யா அடிக்கிற?’ன்னு கேட்டேன்.”

“யாரைப் பாத்து?”

“அவனைப் பாத்துத்தான். முகமூடி இல்லாம எனக்கு எப்படிடா தெரியும்? திரும்பிப் பாத்தான். கண்ணு சிவந்துருச்சு. முதல் அடி தோள்ல. கையை எடுக்க முடியாது, முதுகைத்தான் குடுக்க முடியும், குடுத்தேன். மூணு, மூணு, ரெண்டுன்னு இறங்குச்சு பாரு! மச்சான், வலியோட வலியா உள்ளுக்குள்ள யாரோ விளக்கைப் போட்ட மாதிரி ஆச்சு. அட, இது அவன் கைடா! அதுக்கப்புறம் நான் ஓடல. முட்டி போட்டு நல்லாக் குனிஞ்சு, ‘இன்னும் கொஞ்சம் மேல அண்ணே’ன்னேன்.”

மச்சினன் களிம்பு டப்பாவை மூடினான்.

“அடுக்கிக்கிட்டே வந்தான்டா. விலா ரெண்டும் தாளம் சொல்லிச்சு. கடைசி அடிக்கு முன்னாடி நிறுத்தினான் பாரு, என் உசுரு அங்கயே நின்னுச்சு. நன்றி சொல்லணும்னு வாயைத் திறந்துக்கிட்டே திரும்பினேன். அதே நேரத்துல அடி இறங்கிருச்சு. பல்லு போச்சு, அதோட என் கேப்பும் போச்சு.”

அந்தக் கேப், பல்லுக்கு மேல் மாட்டுகிற உறை, ஊரறிந்த பொருள். பல் டாக்டரின் ஊசிக்குப் பயந்து, ஒரு பழைய காரின் மட்கார்டு தகரத்தில் அவரே வெட்டித் தட்டிச் செய்து மாட்டிக்கொண்டது. கொஞ்சம் கோணல். கைப்பிடி இல்லாத குட்டி வாளி மாதிரி இருக்கும். வெயிலில் சிரித்தால் எதிரே வருகிறவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள்.

இதற்குள் அக்கா ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினாள். இடிக்கைக்குக் கையில் காயமாம், கச்சேரி ரத்தாம், இனி எப்போதும் கிடையாதாம். ஏமாந்த கூட்டம் நாற்காலிகளை முறித்து, முறித்த கால்களால் ஒருவரை ஒருவர் அடித்து, மேடையை விறகாக்கிவிட்டதாம். காயப்படுத்தியவன் யாரென்று தெரிந்தால் உரித்துக் கொடியில் காயப்போடுவோம் என்று ரசிகர்கள் கத்துவது பின்னணியில் கேட்டது.

மச்சினன் முகம் மலர்ந்தது. “இப்பப் புரியுது. கலாட்டாவுல மாட்டி ஊரோட சேர்ந்து வாங்கியிருக்கீங்க. இந்தச் செய்தியைக் கேட்டதும் கதையைத் தட்டி நிமிர்த்திட்டீங்க. எழுந்திருங்க, விலாவைப் படம் எடுக்கணும்.”

“நான் கேட்டவன்டா!”

“நீங்க கேள்விப்பட்டவர், அத்தான்.”

ஆஸ்பத்திரியில் அத்தானால் உட்கார முடியவில்லை. எக்ஸ்ரே அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் குப்புறப் படுத்துக்கொண்டார். முகம் சுவர்ப் பக்கம். அறைக்குப் பின்பக்கம் இன்னொரு கதவு. அதன் வழியாக ஒரு நோஞ்சான் ஆள் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு அறைக்குள் நுழைந்ததை அவர் பார்க்கவில்லை. கூடவே கோட் போட்ட மேனேஜர்.

“வெளிய தெரியக்கூடாது,” என்று மேனேஜர் மச்சினன் காதில் கிசுகிசுத்தார். “இவர்தான் இடிக்கை.”

மச்சினன் ஈய அங்கியை மாட்டினான். கதவைச் சாத்தினான். வெளியே சிவப்பு விளக்கு எரிந்தது. வீங்கிய வலது கையைத் தட்டின்மேல் வைத்து, “அசையாதீங்க” என்று பட்டனை அழுத்தினான்.

படம் திரையில் வந்தது. நடுவிரல் முட்டிக்குப் பக்கத்தில், எலும்புகளுக்கு நடுவே பளீரென்று வெள்ளையாக ஒன்று செருகியிருந்தது. கொஞ்சம் கோணல். கைப்பிடி இல்லாத குட்டி வாளி.

மச்சினன் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனான். இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் கதவைத் திறந்து அத்தான் காலில் விழுந்திருப்பார்கள். இவன் சந்தேகத்துக்கென்றே பெற்றெடுக்கப்பட்டவன். சரி, அடித்தது இந்த ஆள்தான், படமே சொல்கிறது. ஆனால் கச்சேரி? அது படத்தில் இல்லையே!

“சார், ஒண்ணு கேக்கலாமா? வேன் பக்கத்துல மத்தியானம் ஒருத்தரை அடிச்சீங்களா?”

இடிக்கை நிமிர்ந்தான். “அந்தத் தடியனா? என் கடைசி மேடையையே கெடுத்துட்டான். கைக்குக் கிடைச்சா மிச்சப் பல்லையும் எடுப்பேன்.”

“அவர் என்னடான்னா அது முழுக் கச்சேரிங்கிறார். நான் நம்பல சார். கோபத்துல அடிக்கிறப்போ தாளம் எங்க நிக்கும்? கட்டாயம் தப்பியிருக்கும், இல்லையா?”

மேனேஜர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு அலமாரிக்குப் பின்னால் போனார். அவருக்குத் தெரியும்.

“தப்பியிருக்குமா?” என்றான் இடிக்கை மெதுவாக. “என் தாளமா?”

மச்சினனின் கழுத்தைப் பிடித்து மேஜையின்மேல் கவிழ்த்தான். ஈய அங்கி முன்பக்கத்தை மட்டும்தான் மறைக்கும். அதைத் தைத்தவர்களுக்கு இடிக்கையைத் தெரியாது. முதுகு திறந்த மைதானம்.

வலது கை உபயோகமில்லை. இடது கை இறங்கியது. தோள்பட்டையில் மூன்று. அதே சூட்டில் கீழே மூன்று. நடுவில் இரண்டு. இல்லாத வலது கைக்குப் பதிலாக முழங்கை வந்தது, பெரிய டிரம்முக்குப் பதிலாக முழங்கால் வந்தது, தாளத் தட்டுக்கு மச்சினனின் காது. ஊசித் தட்டு எகிறி விளக்கில் மோதி உடைந்தது. தடுக்க வந்த மேனேஜர் ஒரே புறங்கை வீச்சில் ஸ்டூலோடு சேர்ந்து மூலைக்குப் போனார். அதுவும் சரியாகத் தாளத்தில் விழுந்தது. மச்சினன் வலியில் “ஐயோ” என்றான். அந்த ஐயோவும் இடம் தவறவில்லை. பஞ்சு இல்லாத காதோடு அவன் கேட்கிற முதல் கச்சேரி. பாறைகள் உருண்டு வந்துகொண்டே இருந்தன, ஒன்றின் மேல் ஒன்றாக, முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு.

பிறகு, நின்றது.

கை மேலே எங்கோ அந்தரத்தில் இருந்தது. எத்தனையோ நோயாளிகளிடம் மூச்சைப் பிடி என்று சொன்னவன், யாரும் சொல்லாமலே மூச்சைப் பிடித்துக்கொண்டான். அந்த நிசப்தத்துக்குள் ஒரு மைதானமே அவனோடு சேர்ந்து காத்திருந்தது. அடி விழுந்துவிடுமோ என்ற பயம் போய், விழாமல் போய்விடுமோ என்ற பயம் வந்தது.

விழுந்தது. மேஜையின் ஒரு கால் முறிந்தது.

“தாளம் தப்புச்சா?” என்றான் இடிக்கை.

“இல்ல... சார்,” என்றது கீழே கிடந்த உருவம்.

இடிக்கை துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு, நொண்டிய மேனேஜரையும் இழுத்துக்கொண்டு பின்பக்க வழியாகவே போய்விட்டான். 

இவ்வளவு நேரமும் அத்தான் வெளியிலிருந்து கதவை உதைத்துக்கொண்டிருந்தார். கனத்த கதவு. உள்ளே ஏதோ தொம் தொம் என்று கேட்டது, அவ்வளவுதான். சிவப்பு விளக்கு அணைந்ததும் உடைத்துக்கொண்டு உள்ளே விழுந்தார்.

“என்னடா இது? யாருடா வந்தது?”

“இடிக்கை.”

“இடிக்கையா! இங்கயா? வாசிச்சானா?”

“இடது கையில.”

அத்தான் நெற்றியில் ஓங்கி அறைந்துகொண்டு தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்த வலியில் துள்ளி எழுந்தார். “அடப்பாவி! கடைசிக் கச்சேரிக்கு அப்புறம் ஒரு கச்சேரி! அதுவும் இடது கை! கதவுக்கு வெளியவே இருந்தும் விட்டுட்டேனேடா!” வீங்கிய கண்ணிலிருந்து நிஜமாகவே தண்ணீர் வழிந்தது.

மச்சினன் முறிந்த மேஜையில் கன்னத்தை வைத்தபடியே கிடந்தான். திரும்ப முடியவில்லை. திரும்பவும் மனமில்லை. முதுகில் அந்தக் கடைசி அடி இன்னும் அடங்காமல் துடித்துக்கொண்டிருந்தது.

“அழாதீங்க அத்தான். பெஞ்சுல நானே சொல்றேன். நீங்க நேர்ல கேட்டவர்தான். நீங்க சொன்ன மாதிரியேதான் நடந்தது.”