பயப்படாத பிள்ளைகள்

மூங்கிலில் கம்பளியைக் கட்டி டோலியைத் தயார் செய்துவிட்டு, அண்ணாமலையும் அவருடைய ஆட்களும் தூக்க மறுத்து நின்றார்கள்.

“அம்மா வாயால போலாம்னு சொல்லோணுங்க. சொல்லாத ஆளத் தூக்குனா அது பொணந் தூக்கறதுங்க. நாங்க தூக்க மாட்டோமுங்க.”

“நெனவு தப்பிட்டா?” என்றேன்.

“தப்பறதுக்குள்ள கேட்டுப்போடுங்க.”

டோலி என் அக்கா ஜுலைகாவுக்காக வந்தது. அவள் கணவர் ராஜா முகமது இந்த மலையூரான வாசலூர்பட்டியில் தங்கி மிளகு வாங்கி விற்பவர். ஜாவா ஜப்பான்காரன் கைக்குப் போனபின் மலைக்காய்ச்சலுக்கான கொய்னா மாத்திரை எங்கும் கிடைப்பதில்லை. அதைத் தேடிச் சேலம் போனவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. நேற்றிலிருந்து அக்காவின் சிறுநீர் கறுத்துவிட்டது. மேகம் இறங்குவதற்குள் புறப்பட்டால் இருட்டுமுன் காரவள்ளி அடிவாரம் சேரலாம். அங்கிருந்து வண்டி பிடித்தால் ஆஸ்பத்திரி.

உள்ளே, பக்கத்து வீட்டுப் பாப்பாயி ஈரத்துணியோடு உட்கார்ந்திருந்தாள்.

“சாமி, நீங்களாச்சும் சொல்லுங்க. நாஞ் சொன்னா என்னையத் தொரத்தறாங்க.”

“உன் கை ஐஸ் மாதிரி இருக்குது, அதுக்குத்தான் தொரத்துனேன்,” என்றாள் அக்கா. கண்கள் மஞ்சளாக இருந்தன. “நான் கீழ வரலைடா மைதீன். இது வந்து வந்து போற காய்ச்சல். நீ மொதல்ல என் நாவலைப் பத்திச் சொல்லு.”

“இப்பவா?”

“நோன்புக்கு முந்தியே உங்கிட்டக் குடுத்தேன். நீ வாயத் தொறக்கறதுக்குள்ள நான் செவ்வாய் கிரகத்துக்கே போய்ட்டு வந்துருவேன்.”

சிறுவர்களுக்கென்று அவள் எழுதிய விஞ்ஞானக் கதை அது. கண்ணாடி ஓடத்தில் ஏறி மூன்று பிள்ளைகள் வேறொரு கிரகத்துக்குப் போகிறார்கள். நான் அதை இரண்டு முறை படித்திருந்தேன். நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னால் நம்பமாட்டாள். குறை சொன்னால் படுக்கையிலேயே பேனாவைக் கேட்பாள். பேசாமல் இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள்.

“அந்தச் சத்தமில்லாத ஊர் நல்லாருக்கு,” என்றேன். “காத்தே கிடையாது, அதனால பேச்சும் கிடையாது. ஒருத்தருக்கொருத்தர் தோல்ல வெளிச்சம் காட்டிப் பேசிக்கறாங்க. கோபம் வந்தா நெத்தி செவக்குது. அங்கேயே இருந்துடலாம்னு தோணுச்சு.”

“உனக்குத் தோணும். ஊமைக்கோட்டான். அப்புறம்?”

“கதையில வர்ற மாமா ரொம்ப விளக்கறார். ஓடம் பறக்கற விதத்தைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள எனக்குத் தூக்கம் வந்துருச்சு.”

சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, பாப்பாயி நெஞ்சைத் தடவிவிட்டாள். வெளியே யாரோ ஒரு டோலிக்காரர், மேகம் எறங்குதுங்க என்று குரல் கொடுத்தார். நான் அசையவில்லை.

“இன்னும் ஒண்ணு வச்சிருக்க. சொல்லு.”

“பிள்ளைங்க யாருக்கும் பயமே இல்லக்கா.”

“சாகசக் கதைடா. பயந்தா எப்படி?”

“ஓடத்துல காத்து தீந்துபோகுது. மூச்சு முட்டுது. அந்தச் சின்னப் பையன் சிரிச்சுக்கிட்டு விடுகதை போடறான். நான் நம்பல. அங்கேயே கீழ வச்சுட்டேன். ரெண்டாந்தரமும் அதே எடத்துலதான் வச்சேன்.”

அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். முதுகில் எலும்புகள் ஏறி இறங்கின. இருந்த கொஞ்சம் தெம்பையும் நானே பறித்துவிட்டேனோ. ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பொய்யையாவது கேட்டுக்கொண்டு கிளம்பியிருப்பாள். வாசலில் வெயில் மங்கியது.

சுவரைப் பார்த்தபடியே பேசினாள்.

“இதே காய்ச்சல்ல பொன்னாயி மகளை இந்த வழியாத்தான் தூக்கிட்டுப் போனாங்க. வாசல்ல நின்னு பாத்தேன். வெறும் டோலி திரும்பி வந்துச்சு. அந்த வாரந்தான் விடுகதை அத்தியாயத்தை எழுதுனேன்.”

நான் அவள் காலருகே உட்கார்ந்தேன்.

“எனக்குப் பயமா இருக்குதுடா.”

பயப்படாதே என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? “எனக்கும்தான்க்கா,” என்றேன். அது உண்மை.

அவள் திரும்பினாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுடைய உதடு சின்னப் பிள்ளையுடையதைப்போலக் கோணியது. அவள் அழுது நான் பார்த்ததில்லை.

“அண்ணாமலை!” என்று கூப்பிட்டாள். “போலாம்.”

“கேக்கலைங்கம்மா. நாலு பேருக்கும் கேக்கோணும்.”

“போலாம்யா! காதுல என்ன, பஞ்சா?”

பாப்பாயி வாயில் சேலைத்தலைப்பை அடைத்துக்கொண்டாள். அவர்கள் தூக்கினார்கள்.

முதல் இறக்கம்வரை அக்காவின் விரலைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நடந்தேன். பிறகு ஒருபுறம் பாறை, மறுபுறம் பள்ளம். ஒற்றையடிப் பாதையில் டோலிக்கு மட்டுமே இடம் இருந்தது. விரலை விட்டுவிட்டுப் பின்னால் வந்தேன். மேகம் எங்களை மூடியது. முன்னே போகும் ஆளின் முதுகுகூடத் தெரியவில்லை. மூங்கில் முனகும் ஓசை மட்டும் கேட்டது.

“இருக்கியாடா?” கம்பளிக்குள்ளிருந்து குரல் வந்தது.

“இருக்கேன்.”

சற்று நேரத்தில் மறுபடியும். “இருக்கியா?”

“இருக்கேன்க்கா.”

ஒவ்வொரு வளைவிலும் கேட்டாள். பிறகு சில வளைவுகளுக்கு ஒருமுறை கேட்டாள். பிறகு ஒரு நீண்ட இறக்கம் முழுவதும் குரல் வரவில்லை. அண்ணாமலை நடையை நிறுத்தவில்லை. என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

“இருக்கேன்க்கா,” என்றேன். அடுத்த வளைவிலும் சொன்னேன். அதற்கப்புறம் அவள் கேட்காமலே சொல்லிக்கொண்டு நடந்தேன்.